கேஜ் குச்சியில் ஆயில் எங்கே நிற்க வேண்டும்?

மழைக்காலத்தில் நாளிதழின் கிருஷ்ணகிரி பக்கத்தைப் புரட்டினால் ஒரு செய்தி தப்பாமல் கண்ணில் படும். கெலவரப்பள்ளி அணையின் மொத்த உயரம் 44.28 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. அந்த எண்ணை நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் எட்டிப் பார்த்து எழுதிவிட முடியாது. ஒரே அளவுகோலில், ஒரே நேரக் கணக்கில் பார்த்தால்தான் நேற்றைய எண்ணோடு இன்றையதை ஒப்பிட முடியும். ஏறியதா, இறங்கியதா என்று சொல்ல முடியும்.

கார் என்ஜினின் அடியிலும் இப்படி ஒரு குட்டி அணை இருக்கிறது. கையேட்டில் அதன் பெயர் ஆயில் பேன். ஓசூர் ஒர்க்‌ஷாப்புகளில் 'சேம்பர்'. வேகத்தடையில் இடித்து ஆயில் ஒழுகினால், "சேம்பர் அடிபட்டுடுச்சு" என்பார்கள். சிறிய பெட்ரோல் காரில் அது 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். பம்ப் ஒன்று அங்கிருந்து ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. கிராங்க் தண்டு, பிஸ்டன், வால்வு எல்லாவற்றையும் நனைத்துவிட்டு ஆயில் மறுபடி கீழே வடிகிறது. இந்த அணையின் மட்டத்தைப் பார்க்கத்தான் பானெட்டுக்குள் மஞ்சளிலோ ஆரஞ்சிலோ கைப்பிடி வைத்து ஒரு குச்சி செருகியிருக்கிறார்கள். டிப்ஸ்டிக் என்பார்கள், ஆயில் கேஜ் என்பார்கள். நான் கேஜ் என்றே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணை பார்க்க வந்தவர்களில் ஒருவராவது பானெட்டைத் தூக்கி கேஜை உருவிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். வண்டி சரிவில் நிற்கும். வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. உருவுவார், பார்ப்பார், "ஆயில் இருக்கு" என்று திரும்பச் செருகுவார். ஆயில் இருக்கிறது என்பது உண்மைதான். எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, குச்சிக்கும் தெரியாது.

முதலில் தரை. சேம்பர் என்பது அகலமான, ஆழம் குறைந்த தட்டு. வண்டி சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி நீளத்துக்கு ஓர் அடி ஏறும் சரிவு. கண்ணுக்குச் சரிவாகவே தெரியாது. கேஜ் செருகும் இடம் சேம்பரின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், அந்தச் சரிவிலேயே மட்டம் 1 செ.மீ. ஏறியோ இறங்கியோ காட்டும். பல கார்களில் கேஜின் இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரமே 1 முதல் 2 செ.மீ.தான். மூக்கு மேலே பார்த்து நிற்கும் வண்டியில் நிறைந்திருப்பதாகத் தெரியும் ஆயில், திருப்பி நிறுத்தினால் குறைந்துபோனதாகத் தெரியலாம். பெட்ரோல் பங்க்கும் நல்ல இடமில்லை. தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் விட்டுத்தான் அங்கே தரை போட்டிருப்பார்கள். வீட்டு வாசலிலோ, ஃபேக்டரி பார்க்கிங்கிலோ ஒரு சமதளமான இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றித் தரையில் படுக்க வைத்தால் மட்டம் தெரிந்துவிடும். எப்போதும் அதே இடம், வண்டியின் மூக்கு அதே திசை.

அடுத்தது நேரம். இதில்தான் ஆளுக்கொரு கருத்து. சூடாகப் பார்க்க வேண்டும் என்பார் ஒருவர், காலையில் குளிர்ந்திருக்கும்போதுதான் சரி என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் இங்கே இரண்டு விஷயங்கள் எதிரெதிராக நடக்கின்றன.

என்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பங்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அணைத்த உடனே கேஜை உருவினால் அந்தப் பங்கு இன்னும் சேம்பருக்கு வந்து சேர்ந்திருக்காது. மட்டம் குறைவாகத் தெரியும். பதறிப்போய் ஊற்றினால் பத்து நிமிடம் கழித்து அளவு மீறியிருக்கும். இன்னொரு பக்கம், ஆயில் சூட்டில் விரியும். 10 டிகிரிக்கு ஏறக்குறைய 0.7 சதவீதம். 4 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் 200 மி.லி. அளவுக்கு ஊதிப்போகும். கேஜின் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே பெரும்பாலும் 1 லிட்டர் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு இது. ஆகவே ஒரே வண்டி, ஒரே ஆயில், ஒரே இடம் என்றாலும் காலை 6 மணிக்கு ஒரு மட்டம், ஷிஃப்ட் முடிந்து வீடு வந்த பிறகு வேறொரு மட்டம்.

எது சரி என்பதை உங்கள் வண்டியின் கையேடுதான் முடிவு செய்யும். டொயோட்டா கையேடுகள் என்ஜினைச் சூடாக்கி, அணைத்து, 5 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்கின்றன. ஹோண்டா கையேடுகளில் அந்தக் காத்திருப்பு சுமார் 3 நிமிடம். பழைய காற்றுக் குளிரூட்டல் போர்ஷே 911 கார்களில் என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அதன் ஆயில் தொட்டி தனியாக இருக்கிறது. அதை ஓசூரில் யாரும் ஓட்டப் போவதில்லை, ஆனாலும் 'எல்லா வண்டிக்கும் ஒரே விதி' என்று அடித்துப் பேசுகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். கையேடு கையில் இல்லாவிட்டால், ஓட்டிவந்து அணைத்துவிட்டு 10 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு அது பொருந்தும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் டிசம்பர் குளிரில் ஆயில் கெட்டியாகி மெதுவாகத்தான் வடியும். இரண்டு நிமிடம் கூடப் பொறுத்தால் நஷ்டமில்லை.

இனி கேஜை உருவலாம். முதல் தடவை உருவியதில் தெரியும் மட்டத்தை நம்ப வேண்டாம். வண்டி ஓடும்போது தெறித்த ஆயில் குச்சி முழுக்கப் பூசியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு, கைப்பிடி குழாயில் உட்காரும் வரை முழுக்கச் செருகி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி நேராக உருவ வேண்டும். இரண்டாவது தடவை தெரிவதுதான் கணக்கு. துடைக்க என்ன துணி என்பதும் முக்கியம். ஒர்க்‌ஷாப்பில் பனியன் வேஸ்ட் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கை துடைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் நூல் பிரியும் துணியால் கேஜைத் துடைத்தால் அந்தப் பிசிறு குச்சியோடு உள்ளே போகும். நூல் உதிராத பழைய கைக்குட்டை ஒன்றை டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்தால் போதும்.

உருவிய குச்சியின் நுனி கீழே பார்த்தபடி இருக்கட்டும். தலைகீழாகத் தூக்கிப் பிடித்தால் ஆயில் கைப்பிடிப் பக்கம் ஓடி, இல்லாத அளவைக் காட்டும். குச்சியின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். குழாயின் சுவரில் உரசியதால் ஒரு பக்கம் கூடுதலாகத் தெரியலாம். எந்தப் பக்கம் குறைவாக இருக்கிறதோ அதுதான் அளவு. புது ஆயில் மாற்றிய வாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு: தேன் நிறத்தில் கண்ணாடிபோல் இருப்பதால் கோடே தெரியாது. வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தால் பளபளப்பு முடியும் இடம் தெரியும். அப்போதும் தெரியவில்லையா, நாளிதழ்த் தாளில் குச்சியை ஒற்றி எடுங்கள்; ஈரம் எதுவரை என்று தாள் காட்டிவிடும்.

குறிகள் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் இரண்டு துளைகள், சிலவற்றில் இரண்டு வெட்டுகள், சிலவற்றில் குறுக்குக் கோடுகள் போட்ட ஒரு பட்டை. மேலே இருப்பது உச்ச அளவு, கீழே இருப்பது குறைந்தபட்சம். கீழ்க்குறியில் ஆயில் நின்றால் என்ஜின் காலி என்று பலர் நினைக்கிறார்கள். 4 லிட்டர் பிடிக்கும் என்ஜினில் கீழ்க்குறி என்றால் உள்ளே இன்னும் 3 லிட்டர் இருக்கிறது என்று அர்த்தம். நகருக்குள் ஓட்டி, ஆயில் வாங்கி வந்து ஊற்றலாம். அதே நிலையில் சூளகிரி வழியாக கிருஷ்ணகிரிக்கு 90-ல் விரட்டுவது வேறு விஷயம். வளைவிலும் இறக்கத்திலும் பிரேக்கிலும் ஆயில் ஓரமாக ஒதுங்கும்போது பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை உறிஞ்சிவிடும். டர்போ உள்ள வண்டி என்றால் அந்தச் சில நொடிகளே விலை உயர்ந்தவை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது ஆயிலின் மெல்லிய படலத்தை நம்பித்தான். குறிகளுக்கு நடுவே, மேல்பாதியில் நின்றால் திருப்தி. மேல்குறியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேல்குறியைத் தாண்டக் கூடாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என்ஜின் கேட்டது மூன்றரை லிட்டருக்கும் குறைவு. நான் வாங்கியது 4 லிட்டர் டப்பா. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? "ஊத்திடுங்கண்ணே, கூட இருந்தா நல்லதுதானே" என்று நான்தான் சொன்னேன். மெக்கானிக் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு ஊற்றினார். இரண்டு நாளில் என்ஜினிலிருந்து தையல் மெஷின்போல 'டக் டக்' சத்தம், சைலன்சரில் நீலப்புகை. பாகலூர் சாலையில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கேஜைப் பார்த்ததும் சிரித்தார்.

"சார், இது வீட்டுத் தண்ணித் தொட்டி இல்ல, நிறைஞ்சா வழிஞ்சு வெளிய போறதுக்கு."

என்ன நடந்தது என்று புரிய மறுபடி அணைக்குத்தான் போக வேண்டும். பெங்களூருவின் கழிவுநீரும் சோப்புநீரும் கலந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி மதகைத் தாண்டிக் கீழே விழும்போது நுரைத்து மலைபோல எழும்புவதை இங்கே பார்க்காதவர் இல்லை. தரைப்பாலத்தை மூடும் அளவுக்கு நுரை. கையில் அள்ளினால் அதில் தண்ணீர் ஒரு துளிதான், மற்றதெல்லாம் காற்று. ஆயில் மட்டம் கூடிப்போனால் சேம்பருக்கு மேலே சுற்றும் கிராங்க் தண்டின் எடைக்கட்டைகள் ஆயிலில் மூழ்கி அடிக்க ஆரம்பிக்கும். மத்து மோரைக் கடைவதுபோல, நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் தடவை. ஆயில் நுரைத்துவிடும். பம்ப் உறிஞ்சுவது பாதி ஆயில், பாதி காற்று. காற்று எதையும் மசகிடாது, அழுத்தத்தையும் தாங்காது. என் வண்டியில் கேட்ட சத்தம், ஆயில் அழுத்தத்தில் நிற்க வேண்டிய வால்வு டேப்பெட்டுகள் காற்றில் தள்ளாடியதால் வந்தது. கூடவே சேம்பருக்குள் அழுத்தம் கூடி சீல்கள் கசியும். ஆவி போகும் குழாய் வழியே ஆயில் காற்றுப்பாதைக்குப் போய் எரிந்து புகையும். ஆயில் குறைந்தால் வரும் கேடும் கூடினால் வரும் கேடும் கடைசியில் ஒன்றே: பம்புக்குள் காற்று. கால் லிட்டருக்குள் மீறியிருந்தால் பெரும்பாலான என்ஜின்கள் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் என்றால் கேஜ் குழாய் வழியே சிறு பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கலாம், அல்லது அடியில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி வடிக்கலாம்.

இந்த ஊரில் 'கூட இருந்தால் நல்லது' என்ற எண்ணம் வேரோடியதற்கு ஒரு காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றும். 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். சேம்பரும் கிடையாது, கேஜும் கிடையாது. ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். பங்க்கில், "அண்ணே, ஆயில் கொஞ்சம் தூக்கலா ஊத்துங்க" என்றால் கொஞ்சம் புகை கூடும், அவ்வளவுதான். அந்தக் கை அப்படியே காருக்கு மாறிவிட்டது. இப்போது இதே ஓசூரில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரும், மாவட்டத்தின் இன்னொரு மூலையில் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டரும் தயாராகின்றன. அவற்றுக்கு என்ஜின் ஆயிலே வேண்டாம். சில பி.எம்.டபிள்யூ. கார்களில் என்ஜின் உண்டு, குச்சி இல்லை. சென்சார் அளந்து திரையில் காட்டும். அங்கேயும் சமதளமும் என்ஜின் சூடும் வேண்டும் என்பது மாறவில்லை.

நிறத்துக்கு வருவோம். கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் ஆயிலை மாற்றாதீர்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்வது அதன் வேலை. மாற்ற வேண்டிய நேரத்தைக் கையேட்டின் கிலோமீட்டரும் மாதமும் சொல்லும். பயப்பட வேண்டிய நிறம் வேறு: பால் விட்ட டீ நிறம். ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் ஆயிலில் கலந்தால் இப்படி ஆகும். கேஜில் டீ நிறம், மட்டமும் ஏறியிருக்கிறது, கூலன்ட் தொட்டியில் அளவு இறங்கியிருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வண்டியைக் கிளப்பவே கூடாது. ஆனால் குளிர்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய்போல் படிந்திருந்தால் உடனே கேஸ்கட் செலவுக்குத் தலையாட்டிவிடாதீர்கள். கெலவரப்பள்ளியிலிருந்து சிப்காட்டுக்குச் சில கிலோமீட்டர் போய் வருகிற வண்டி முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே வேர்த்த ஈரம் ஆவியாகாமல் மூடியில் தங்கிவிடும். ஒரு நாள் தருமபுரி வரை ஓட்டிவிட்டு வந்து துடைத்துப் பாருங்கள். மறுபடி படியவில்லை என்றால் அது வெறும் ஈரம்.

இதே குறுகிய ஓட்டம் புது டீசல் வண்டிகளுக்கு வேறொரு வினையை வைக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ். 6 டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் வண்டி தானாகக் கூடுதல் டீசலைச் செலுத்திக் கரியை எரிக்கும். அந்த வேலைக்குச் சில நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். பாதியில் ஃபேக்டரி வாசல் வந்து வண்டியை அணைத்தால், எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே சேம்பருக்குள் இறங்கும். வாரக்கணக்கில் இது நடந்தால் ஆயில் மட்டம் ஊற்றாமலேயே ஏறும். "நம்ம வண்டி ஆயிலே குடிக்கிறதில்ல" என்று சந்தோஷப்படும் ஆட்களில் சிலருக்கு உள்ளே நடப்பது இதுதான். கேஜை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருந்து மட்டமும் மேல்குறியைத் தாண்டியிருந்தால், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆயிலை மாற்ற வேண்டும். டீசல் கலந்த ஆயில் தண்ணீர்போல் நீர்த்துவிடும்.

இவையெல்லாம் ஒரே ஒரு தடவை பார்த்தால் பிடிபடாது. நடுவில் நிற்கும் மட்டம் போன மாதம் எங்கே நின்றது என்று தெரிந்தால்தான் அதற்கு அர்த்தம் வருகிறது. நான் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குச்சியின் படம் வரைந்து, தேதி, கிலோமீட்டர், மட்டம் மூன்றையும் குறித்து வருகிறேன். மாதம் இரண்டு தடவை, நீண்ட பயணத்துக்கு முன்னால் ஒரு தடவை. ஆயில் கொஞ்சம் குறைவது தவறில்லை, 1,000 கி.மீ.க்கு அரை லிட்டரும் அதற்கு மேலும் குறையலாம் என்று சில தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது தயாரிப்பாளர் தன் பாதுகாப்புக்குப் போட்ட எல்லை என்பது என் எண்ணம். இத்தனை வருடம் 5,000 கி.மீ.க்கு கால் லிட்டர் குறைந்த வண்டி திடீரென்று 1,000 கி.மீ.க்கு கால் லிட்டர் குடித்தால், கையேடு அனுமதித்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுவேன். கீழே சொட்டுகிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்ததா, வால்வு சீல் போனதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

"அதான் லைட்டு இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணம்போல் எரியும் சிவப்பு விளக்கு மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. மட்டம் அபாயமாக இறங்கி பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் அது எரியும். ஓடும்போது எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். ஜூஜூவாடி நெரிசல் நடுவே என்றாலும் ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். மஞ்சளில் எரியும் மட்ட விளக்கு சில கார்களில் தனியாக உண்டு. அதற்கு இந்த அவசரம் தேவையில்லை.

ஊற்றும்போது கையேட்டில் உள்ள கிரேடையே வாங்குங்கள். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து; முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. பழைய டீசலுக்குப் பழகிய 15டபிள்யூ-40-ஐப் புது பெட்ரோல் காருக்கு ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயில் கலந்தாலும் கிரேடும் தரக்குறியும் ஒன்றாக இருந்தால் கேடில்லை. புனல் வைத்து ஒரு தடவைக்கு 200 மி.லி., அதாவது ஒரு டம்ளர். ஐந்து நிமிடம் பொறுத்து கேஜைப் பாருங்கள். தேவை என்றால் இன்னும் ஒரு டம்ளர்.

மிச்சமுள்ள டப்பாவை இறுக மூடி டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். நான் செய்ததுபோல உள்ளே ஊற்ற வேண்டாம். கேஜைக் கடைசி வரை அழுத்திச் செருகியாயிற்றா, ஆயில் மூடியைத் திருகியாயிற்றா என்று பானெட்டை இறக்கும் முன் இன்னொரு தடவை பாருங்கள். அந்த மூடியை என்ஜின் மேலேயே மறந்து வைத்துவிட்டு, அத்திப்பள்ளி தாண்டியதும் எரிந்த எண்ணெய் வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர்களை மெக்கானிக்குகள் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறார்கள்.